1996ல் கட்டின வீடு, தை மாசம் விற்கணும்: 6 லட்சத்தை எதுல போடறது?

மருதமலை_அடிவாரம்
வணக்கமுங்க. கோவை மேற்குல 5 சென்ட் இடம், 1,200 சதுர அடி தரைத்தள வீடு, 1996ல கட்டினது. 9 அங்குலச் செங்கல் சுவர், தூண் கிடையாது, மேல ஆர்.சி.சி. தளம், அதுக்கு மேல சுருக்கி (செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்தது) போட்டுத் தட்டோடு (தட்டை ஓடு) பதிச்சது. மொசைக் தரை. மேற்குப் படுக்கையறைச் சுவர்ல மழைக்கு ஈரம் இறங்குது. குளியலறைக்குப் பின்பக்கம் பெயின்ட் பொரிஞ்சு உப்புப் பூத்திருக்கு. தட்டோட்டுல அங்கங்க வெடிப்பு. வயரிங் கட்டினப்போ போட்டதுதான்.

இப்ப சித்திரை. தை மாசம் விற்கணும், செலவுக்கு 6 லட்சம். மாடுலர் கிச்சன், ஃபால்ஸ் சீலிங், தரைக்கு டைல்ஸ் போட்டா 10 லட்சம் கூடக் கேட்கலாம்னு புரோக்கர் சொல்றார். சரிதானுங்களா?

சதுரஅடிக்_கணக்கு
சரியில்லைங்க. விலையைக் கடைசியா முடிவு பண்றது வாங்கறவரோட பேங்க் அனுப்பற மதிப்பீட்டாளர். அவர் எப்படிக் கணக்குப் போடுவார்னு பாத்துட்டு அப்பறம் செலவைப் பேசலாம்.

நிலத்துக்குத் தனி, கட்டடத்துக்குத் தனி. கட்டடத்துக்கு இன்னைக்குப் புதுசாக் கட்டற செலவை எடுத்துட்டு வயசுக்கு ஏத்த தேய்மானத்தைக் கழிப்பாங்க. மொத்த ஆயுள் 60 வருஷம், கடைசியில மிஞ்சற மதிப்பு 10 சதவீதம்னு வெச்சா, 30 வருஷ வீட்டுக்குக் கழிவு 45 சதவீதம். சதுர அடிக்கு 2,000 ரூபான்னு உதாரணத்துக்கு எடுத்துக்குங்க. 1,200 சதுர அடிக்கு 24 லட்சம், கழிவு போக 13 லட்சத்து 20 ஆயிரம். இதுல ஃபால்ஸ் சீலிங்குக்குன்னு தனி வரி கிடையாது. ஆனா தளத்துல கம்பி துருப்பிடிச்சு காங்கிரீட் உதிர்ந்திருந்தா மீதி ஆயுளையே குறைச்சு எழுதிருவாங்க. சுவர் ஈரம், விரிசல் எல்லாம் போட்டோவோட ரிப்போர்ட்ல ஏறும்.

அடுத்தது கடன் வரம்பு. ரிசர்வ் பேங்க் விதிப்படி 30 லட்சம் வரைக்குமான வீட்டுக்கடனுக்கு மதிப்புல 90 சதவீதம், 30ல இருந்து 75 லட்சம் வரைக்கும் 80, அதுக்கு மேல 75 சதவீதம்தான் உச்சம். பத்திரச் செலவு அந்த மதிப்புல சேராது. தமிழ்நாட்டுல முத்திரைத்தீர்வை 7, பதிவுக்கட்டணம் 2, ஆக 9 சதவீதம் அவர் கையில இருந்து போகணும். மதிப்பீடு குறைஞ்சா அவரோட கைக்காசு பல லட்சம் ஏறும். அவர் பின்வாங்கறது அந்த இடத்துலதான்.

அதனால வாங்க வர்றவரோட பயத்தை எடுக்கற வேலைக்கு முதல் காசு. ஒழுகுதா, விரிசல் விடுமா, பேப்பர் சுத்தமா, தண்ணி வருமா, கார் நிக்குமா. இந்த அஞ்சும் முடிஞ்சு காசு மிஞ்சினாத்தான் அழகு.

கொத்துக்கரண்டி_பல்லடம்
மேல சொன்னதுக்கு நானும் ஒரு ஓட்டு. மொட்டைமாடியில இருந்து ஆரம்பிங்க. அங்க முடிக்காம உள்ள பட்டி பார்த்தா மொத்தமும் வீண்.

ஒரு கம்பை எடுத்துக்கிட்டுத் தட்டோடு ஒவ்வொண்ணையும் தட்டிப் பாருங்க. கெட்டிச் சத்தம் வந்தா ஒட்டியிருக்கு. பொத்துன்னு கேட்டா அடியில தண்ணி போக வழி இருக்குன்னு அர்த்தம். மூணுல ஒரு பங்குக்கு மேல பொத்துச் சத்தம்னா ஒட்டு வேலை வேண்டாம், சுருக்கியோட மொத்தமா எடுத்துருங்க. பழசு மேலயே புது சுருக்கி போடலாம்னு ஒருத்தர் கண்டிப்பா வந்து சொல்வார், விடாதீங்க. 4 அங்குல சுருக்கி சதுர அடிக்கு 17, 18 கிலோ. 1,200 சதுர அடிக்கு 20 டன். முப்பது வருஷத் தளத்து மேல இன்னொரு 20 டன் ஏத்தக்கூடாது.

எடுத்த பின்னாடி தளத்தைக் கம்பி பிரஷ் போட்டுச் சுத்தம் பண்ணி, தெரியற விரிசலை ‘வி’ வடிவத்துல வெட்டி பாலிமர் கலந்த கலவையில அடைக்கணும். கைப்பிடிச் சுவரும் தளமும் சேர்ற மூலையில 3 அங்குலத்துக்குக் கலவையைச் சரிவா வெச்சுக் கோலா போடுங்க. பாதி ஒழுகல் அந்த மூலையிலதான் ஆரம்பிக்குது, ஏன்னா வெயிலுக்குத் தளம் விரியற அளவும் சுவர் விரியற அளவும் வேற. அதுக்கு மேல சிமென்ட்–பாலிமர் பூச்சு ரெண்டு கோட், முதல் கோட் தெற்கு வடக்குன்னா ரெண்டாவது கிழக்கு மேற்கு. மூலையிலயும் குழாய் வாயிலயும் ஃபைபர் வலை வெச்சு அதை ரெண்டு கோட்டுக்கும் நடுவுல புதைக்கணும்.

காஞ்சதும் குழாய் வாயை அடைச்சு 2 அங்குலத் தண்ணி கட்டி 48 மணி நேரம் விடுங்க. கீழ ஒரு பொட்டு ஈரம் தெரிஞ்சாலும் அப்பவே கண்டுபிடிச்சுச் சரி பண்ணணும். இந்தச் சோதனையைத் தாண்டாம சுருக்கி போட விடாதீங்க.

சுருக்கிக்கு 20 மி.மீ. செங்கல் ஜல்லி 32 பங்குக்கு நீத்த சுண்ணாம்பு 12½ பங்கு, இதுதான் பொதுப்பணித்துறை அளவு. கட்டையால அடிச்சு இறுக்கணும். சரிவு 10 அடிக்கு ஒன்றரை அங்குலம். 4 அங்குலக் குழாய் ஒண்ணு சுமார் 450 சதுர அடித் தண்ணியைத் தள்ளும், உங்க மாடிக்கு மூணு வேணும். 1996 வீட்டுல பெரும்பாலும் ரெண்டுதான் இருக்கும், ஒருக்கா எண்ணிப் பாருங்க. குழாயை அப்படியே மழைநீர் சேகரிப்புக் குழிக்குத் திருப்பிருங்க. 2003ல இருந்து தமிழ்நாட்டுல அது கட்டாயம், வாங்க வர்றவங்களும் கேட்பாங்க.

இனி மேற்குச் சுவர். ஆனி, ஆடி மாசம் பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற காத்து மழையைப் படுக்க வெச்சு அடிக்கும். கோவையில இருந்து பல்லடம், உடுமலை வரைக்கும் மேற்குச் சுவர் வாங்கற அடி வேற சுவருக்கு இல்லை. உள்பக்கம் எந்த கெமிக்கல் பூசினாலும் நிக்காது, வெளியே இருந்து வர்ற தண்ணி உள்பூச்சைத் தள்ளிக்கிட்டே இருக்கும். எங்கே நுழையுதுன்னு ஹோஸ் பைப் வெச்சுக் கீழிருந்து மேல, ஒவ்வொரு உயரத்துலயும் 15 நிமிஷம் விட்டுப் பாருங்க. மேலிருந்து ஆரம்பிச்சா தண்ணி கீழ வழிஞ்சு இடம் பிடிபடாது.

பொதுவாக் கெட்டுப்போற இடம் மூணு. சன்ஷேடும் சுவரும் சேர்ற கோடு, ஜன்னலோட அடிப்படி உள்பக்கமாச் சரிஞ்சிருக்கறது, பொத்துன்னு இருக்கற வெளிப்பூச்சு. பொத்துப் பூச்சை முழுசாக் கொத்திட்டு முதல் கோட் 12 மி.மீ., சிமென்ட்டுக்கு மணல் 1:4, மேல் கோட் 8 மி.மீ., 1:5. மேல் கோட் கீழ் கோட்டை விட வலுவா இருந்தா உரிஞ்சு வந்துரும். பி சாண்ட்தான் (பூச்சு வேலைக்கான மணல்) போடணும். 7 நாள் தண்ணி தெளிங்க. சன்ஷேடு அடியில ஓரத்துல இருந்து ஒன்றரை அங்குலம் உள்ள தள்ளி 10 மி.மீ. பள்ளம் வெட்டிட்டா சொட்டு அங்கேயே விழுந்துரும், சுவருக்கு வராது.

மருதமலை_அடிவாரம்
ரொம்ப நன்றிங்ணா. குளியலறைப் பின்சுவரும் இதே மாதிரிதானுங்களா?

உப்புத்தண்ணி
அது வேற சோலி. முதல்ல வர்ற குழாய் கசியுதா, போற குழாய் கசியுதான்னு பிரிங்க. ராத்திரி எல்லாக் குழாயையும் மூடிட்டு மேல் தொட்டியில தண்ணி மட்டத்துல ஒரு கோடு போடுங்க. காலையில கோட்டுக்குக் கீழ இறங்கியிருந்தா சப்ளை லைன்ல ஓட்டை. இறங்கலைன்னா நஹானி ட்ராப் (தரைத் தண்ணி வெளியே போற வாய்) வாயைத் துணி வெச்சு அடைச்சுத் தரையில 1 அங்குலத் தண்ணி கட்டி 24 மணி நேரம் விடுங்க. அப்ப வெளிச்சுவர் நனைஞ்சா தரைக்கு அடியில இருக்கற வாட்டர்ப்ரூஃப் போயிருச்சு. ரெண்டும் இல்லைன்னா ட்ராப்புக்கும் குழாய்க்கும் உள்ள ஜாயின்ட்.

1996 வீட்டுல ஜி.ஐ. (துத்தநாகம் பூசின இரும்பு) குழாயா இருக்க வாய்ப்பு அதிகம். நம்ம பக்கம் போர்த் தண்ணி உப்பு, உள்ள சுண்ணாம்பு படிஞ்சு முக்கால் அங்குலக் குழாய் பென்சில் கனத்துக்கு அடைஞ்சிருக்கும். ஷவர் திறந்து பாக்கறவருக்குச் சொட்டுச் சொட்டா வந்தா அங்கேயே மனசு விட்டுரும். குளியலறையைக் கொத்தற சமயத்துலயே சுவருக்குள்ள சூடு தாங்கற சி.பி.வி.சி. பிளாஸ்டிக் குழாயா மாத்திருங்க. டைல் ஒட்டறதுக்கு முன்னாடி பம்ப் வெச்சு அழுத்தம் ஏத்தி, முள் இறங்காம நிக்குதான்னு ஒரு மணி நேரம் பாக்கணும். கெய்சர் லைன்ல யு.பி.வி.சி. போட்டா சூட்டுக்கு வளைஞ்சு ஜாயின்ட் விட்டுரும், அந்தத் தப்பை நிறைய வீட்டுல பாக்கலாம்.

இன்னொண்ணு. நல்ல தண்ணிக்கும் உப்புத் தண்ணிக்கும் தனித்தனி லைன். சமையலறையில ரெண்டு குழாய், குளியலறைக்கு உப்பு லைன் போதும். சிறுவாணித் தண்ணி வர்ற பகுதின்னா அதை முதல் வரியிலயே எழுதி விளம்பரம் பண்ணுங்க. கோவையில அதுக்குன்னே வீடு தேடறவங்க இருக்காங்க. நல்ல தண்ணித் தொட்டியைக் கழுவி, மூடியை மாத்தி, உள்ள வெள்ளையாத் தெரியற மாதிரி வைங்க. எல்லாரும் திறந்து பாப்பாங்க.

டைல்ஸ்_திருப்பூர்
எல்லாம் சரிங்க, ஆனா அழகு கடைசின்னு சொன்னா மொசைக் தரையை அப்படியே விடறதாயிரும், அது எனக்கு ஒத்துவரலை. இப்ப வீடு வாங்கறவங்க முப்பது, முப்பத்தஞ்சு வயசுக்காரங்க. உள்ள கால் வெச்சதும் மொசைக்கைப் பாத்து ‘பழைய வீடு’ன்னு முடிவு பண்ணிருவாங்க. 2 அடிக்கு 2 அடி விட்ரிஃபைடு, பெட்டிக்கு 4 கல்லு, 16 சதுர அடி. 1,200க்கு 8 சதவீதம் உடைசல் சேத்து 81 பெட்டி. பழைய தரையைக் கொத்தாம பசை போட்டு மேலயே ஒட்டிரலாம், ஒரு வாரம்.

கொத்துக்கரண்டி_பல்லடம்
அந்த ஒரு வாரத்தோட முடியாதுங்க. பசையும் கல்லும் சேந்து 12ல இருந்து 15 மி.மீ. தரை ஏறும். எல்லாக் கதவையும் அடியில அறுக்கணும். தலைவாசல் நிலைப்படி குள்ளமாயிரும். குளியலறைத் தரையும் கூடவே ஏறினா அறைக்கும் அதுக்கும் இருக்கற மட்ட வித்தியாசம் போயி, குளிச்ச தண்ணி படுக்கையறைக்கு வரும். மொசைக் எங்கயாவது பொத்துன்னு இருந்தா மேல ஒட்டின டைலும் அதோட தூக்கும்.

மொசைக் பாலிஷ் 3, 4 நாள் வேலை. ஊசி ஓட்டையையும் விரிசலையும் வெள்ளை சிமென்ட்ல நிறம் கலந்து அடைச்சு, காஞ்ச பிறகு 60, 120, 320ன்னு கல்லு மாத்தித் தேய்ச்சு, கடைசியில ஆக்சாலிக் பவுடர். சகதி சுவர்ல அடிக்கும், அதனால பெயின்டுக்கு முன்னாடி முடிக்கணும். மிஞ்சற காசுல குளியலறைக்குச் சொரசொர டைல், அதுக்குச் சரிவு 80க்கு 1.

டைல்ஸ்_திருப்பூர்
குளியலறை சரி. ஹாலும் சமையலறையும் மட்டுமாவது டைல்னு நான் இன்னமும் சொல்வேன். போட்டோவுல முதல்ல வர்றது அந்த ரெண்டும்தான். மட்டம் ஏறுற பிரச்சினை உண்மை. அதனால அந்த ரெண்டு அறையில மொசைக்கைக் கொத்தி எடுத்துட்டுப் பழைய மட்டத்துக்கே போடலாம்.

மூணு_பேஸ்
வயரிங் பத்தி யாரும் பேசலை. லைட்டுக்கு 1.5 சதுர மி.மீ. செம்புக் கம்பி, 16 ஆம்பியர் பிளக்குக்கு 2.5, ஏ.சி., கெய்சருக்கு 4. அறைக்கு ஒரு எம்.சி.பி. (லோடு கூடினா தானா விழற சுவிட்ச்), மொத்தத்துக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரன்ட் கசிஞ்சா தானா விழற சுவிட்ச்). பழைய வீட்டுல ஆர்.சி.சி.பி. மாட்டினதும் விழுந்துக்கிட்டே இருக்கும். காரணம் பெரும்பாலும் ரெண்டு சர்க்யூட்டோட நியூட்ரல் எங்கயோ ஒரு சுவிட்ச் பெட்டியில ஒண்ணா முறுக்கியிருக்கறதுதான். தேடறதுக்கு அலுப்புப்பட்டு ஆர்.சி.சி.பி.யை ஒதுக்கி லைனை நேராக் கொடுத்துட்டுப் போயிருவாங்க, அது உயிருக்கு ஆபத்து. நியூட்ரலைப் பிரிச்சுத் தரச் சொல்லி, டெஸ்ட் பட்டனை அமுத்திக் காட்டச் சொல்லுங்க.

எர்த் குழியில உப்பும் கரியும் வருஷக்கணக்குல காஞ்சு கிடக்கும். அளந்து 5 ஓமுக்குக் கீழ வரலைன்னா புதுசா ஒரு எர்த் அடிச்சிருங்க. சுவர் கொத்தற வேலை இது, பூசு வேலைக்கு முன்னாடி வரணும். ஈ.பி. இணைப்பு யார் பேர்ல இருக்குன்னும் பாருங்க.

சோலார் பேனல் பத்தி யாராவது கேட்பாங்கன்னு முன்கூட்டியே சொல்லிடறேன். பிரதமர் சூரிய கர் திட்டத்துல 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபா மானியம் உண்டு. ஆனா விற்கற வீட்டுக்கு இப்ப வேண்டாம். அதோட ஸ்டாண்டுக்குத் தளத்துல ஓட்டை போடுவாங்க, மேல கொத்துக்கரண்டி சொன்ன வாட்டர்ப்ரூஃப் கிழிஞ்சுரும்.

பத்திரம்_முதல்ல
காரைக் கொத்தறதுக்கு முன்னாடி ஒரு ஃபைல் போடுங்க. மூலப்பத்திரம், 30 வருஷ வில்லங்கம், உங்க பேர்ல பட்டா அல்லது டவுன் சர்வே நகல், புலப்படம், கட்டட அனுமதி வரைபடம், சொத்துவரி ரசீது, குடிநீர் இணைப்பு, ஈ.பி. அட்டை. அப்பா பேர்ல இருக்கற சொத்துன்னா வாரிசுச் சான்றும் மத்த வாரிசுகளோட விடுதலைப் பத்திரமோ பாகப்பிரிவினையோ வேணும். இதுக்குத்தான் மாசக்கணக்காகும், பெயின்டுக்கு இல்லை.

மனைப்பிரிவு அங்கீகாரம் இல்லாததுன்னா 20.10.2016க்கு முன்னாடி உண்டான மனைகளுக்கு 2017ல வரன்முறைத் திட்டம் வந்துச்சு, அந்த ஆணை கையில இருக்கான்னு பாருங்க. போர்டிகோவை அடைச்சு ரூம் ஆக்கினது, பின்னாடி பொடக்காளியில ஆஸ்பெஸ்டாஸ் போட்டு இறக்கினது எல்லாம் வரைபடத்துல இருக்காது. அந்த மாதிரி இருந்தா அலங்கரிக்காதீங்க, எடுத்துருங்க. போர்டிகோ திரும்பவும் கார் நிக்கற இடமாகும், அது ஒரு ரூமை விட அதிக விலை. வாசல் சாய்தளத்தைச் சாக்கடை மேல நீட்டாம உங்க எல்லைக்குள்ளயே முடிங்க. நாலு மூலைக் கல்லையும் அளந்து சரிபார்த்துத் தெரியற மாதிரி வைங்க.

மருதமலை_அடிவாரம்
போர்டிகோ அடைச்சதுதானுங்க, சரியாப் புடிச்சீங்க. ரெண்டு சந்தேகம். ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவுல இருக்கற சுவரை எடுத்தா விசாலமாத் தெரியும்ங்கறாங்க. இன்னொண்ணு, கழிவறை ஈசானி (வடகிழக்கு) மூலையில இருக்கு, வாஸ்து பாக்கறவங்க தட்டிக் கழிப்பாங்களா?

கொத்துக்கரண்டி_பல்லடம்
தூண் இல்லாத வீட்டுல 9 அங்குலச் சுவரைத் தொடவே கூடாது, தளம் அது மேலதான் உக்காந்திருக்கு. 4½ அங்குலச் சுவர்னா கட்டமைப்புப் பொறியாளர் பாத்துச் சொல்லணும். கரிசல் மண் பகுதியா இருந்தா ஜன்னல் மூலையில இருந்து சாய்வாப் போற விரிசலை முதல்ல தேடுங்க. அதுக்குக் குறுக்கே சின்னக் கண்ணாடித் துண்டை எபாக்ஸி போட்டு ஒட்டித் தேதி எழுதுங்க. ரெண்டு மழைக்கு உடையலைன்னா விரிசல் நின்னுருச்சு, அடைக்கலாம். உடைஞ்சா அடைச்சும் பயனில்லை, வீட்டைச் சுத்தி 3 அடிக்கு வெளிச்சரிவாத் தளம் போட்டுக் கடக்கால் (அஸ்திவாரம்) பக்கம் தண்ணி இறங்காமப் பண்ணணும்.

சதுரஅடிக்_கணக்கு
வாஸ்து விலையைத் தொடும், அதை மறைச்சுப் பேச வேண்டாம். ஈசானியில கழிவறை இருந்தா ஒரு பகுதி ஆளுங்க வரமாட்டாங்க. வாயு (வடமேற்கு) மூலையில போர்டிகோவை ஒட்டி இடம் இருந்து, பாதாளச் சாக்கடை லைனும் அந்தப் பக்கம் போனா மாத்தறது லாபம். இல்லைன்னா விலையில விட்டுக்கொடுக்கறது மலிவு. அக்னி (தென்கிழக்கு) மூலையில சமையல் இருக்கான்னும் பாருங்க, அடுப்பு மேடையைக் கிழக்குப் பாத்துத் திருப்பறது சின்னச் செலவுதான்.

6 லட்சத்தை நான் பிரிச்சா மாடிக்கும் மேற்குச் சுவருக்கும் 2.25, குளியலறை, குழாய் 1.25, வயரிங் 90 ஆயிரம், மொசைக் பாலிஷும் கதவு ஜன்னல் வேலையும் 40 ஆயிரம், பெயின்ட் 80 ஆயிரம், மீதி 40 ஆயிரம் கையில. கொத்தின பிறகுதான் தெரியற வேலை ஒண்ணு கட்டாயம் வரும். ஆள் கூலி ஊருக்கு ஊர் மாறும், மூணு பேர்கிட்ட அளவு எழுதிக் கொடுத்து விலை கேளுங்க.

பில் எல்லாம் ஜி.எஸ்.டி.யோட வாங்குங்க, காசு பேங்க் வழியாப் போகட்டும். 24 மாசத்துக்கு மேல வெச்சிருந்த வீடு நீண்டகால மூலதன ஆதாயம். 23.7.2024க்கு முன்னாடி வாங்கினதுன்னா இங்க குடியிருக்கற தனிநபர் பணவீக்கக் கணக்கு இல்லாம 12.5 சதவீதம், இல்லைன்னா அந்தக் கணக்கோட 20 சதவீதம், ரெண்டுல எது குறைவோ அந்த வரி கட்டினாப் போதும். வீட்டை மேம்படுத்தின செலவை ஆதாயத்துல கழிக்கலாம். வெறும் பெயின்ட் மாதிரி பராமரிப்புக்கு அது கிடையாது. மாடித் தளம், புது வயரிங், புதுக் குளியலறை பில்லைத் தனியா வைங்க, ஆடிட்டர் பாத்துச் சொல்வார். விலை 50 லட்சம் தொட்டா வாங்கறவர் 1 சதவீதம் டி.டி.எஸ். (முன்கூட்டிப் பிடிக்கற வருமான வரி) பிடிப்பார், அதையும் கணக்குல வைங்க.

வெள்ளையடிப்பு_ஈரோடு
பெயின்ட் கணக்கு என்னுது. 1,200 சதுர அடி வீட்டுக்கு உள்சுவரும் சீலிங்கும் சேந்து சுமார் 4,000 சதுர அடி. முழுசாப் பட்டி பார்த்தா 40 கிலோ மூட்டை 9, 10. பிரைமர் 35ல இருந்து 40 லிட்டர், எமல்ஷன் ரெண்டு கோட்டுக்கு 60 லிட்டர் பக்கம். பழைய பூச்சு கெட்டியா இருந்தா முழுப் பட்டி வேண்டாம், ஒட்டுப் போட்டுத் தேய்ச்சாப் போதும். புதுப் பூச்சுக்கு 28 நாள் கழிச்சுத்தான் பட்டி. அவசரப்பட்டா உள்ள இருக்கற ஈரம் உப்பைத் தள்ளிக்கிட்டு வெளியே வரும், மூணு மாசத்துல உதிரும்.

நிலை, ஜன்னல்ல கரையான் ஏறியிருந்தா பெயின்டுக்கு முன்னாடி மருந்து. தரையும் சுவரும் சேர்ற இடத்துல அடிக்கு ஒரு 12 மி.மீ. ஓட்டை, குளோர்பைரிபாஸ் 20 ஈ.சி. ஒரு பங்குக்கு 19 பங்கு தண்ணி, ஓட்டைக்கு 1 லிட்டர் வரைக்கும். அப்பறம் வெள்ளை சிமென்ட் அடைப்பு. கிணறு, போர் பக்கத்துல இருந்தா அந்த வரிசையை விட்டுருங்க.

நிறம் உள்ள வெளிர் சந்தனமோ வெள்ளையோ. அடர் நிறம் ஒரு சுவருக்குக்கூட வேண்டாம், போட்டோவுல அறை சுருங்கித் தெரியும்.

கொத்துக்கரண்டி_பல்லடம்
மாசக் கணக்கு இப்படி வைங்க. சித்திரை, வைகாசியில மாடியும் மேற்கு வெளிச்சுவரும். ஆனி, ஆடி மேகாத்து மழை மேற்குச் சுவரைச் சோதிச்சுக் காட்டிரும். ஆவணி, புரட்டாசியில குளியலறை, வயரிங், உள்பூச்சு, அது முடிஞ்சதும் மொசைக். ஐப்பசி மழை மாடியைச் சோதிக்கும், அப்ப பெயின்ட் டப்பாவையே திறக்காதீங்க. கார்த்திகைக் கடைசியில ஆரம்பிச்சு மார்கழி பாதியில பெயின்ட் முடியட்டும். மார்கழியில யாரும் அட்வான்ஸ் போடமாட்டாங்க, ஆனா பாக்க வருவாங்க. தை பிறந்ததும் பேச்சு நடக்கும்.

மருதமலை_அடிவாரம்
எல்லாருக்கும் நன்றிங்க. நாளைக்கே கம்பை எடுத்துக்கிட்டு மாடிக்குப் போறேன். தண்ணி கட்டிச் சோதிக்கறதை வாங்க வர்றவருக்கு எப்படிக் காட்டறது?

சதுரஅடிக்_கணக்கு
தண்ணி நிக்கும்போது ஒரு நாள் செய்தித்தாளை ஓரத்துல வெச்சுத் தேதி தெரியற மாதிரி மாடியை ஒரு படம், அதே நாள் கீழ சீலிங்கை அறைக்கு ஒரு படம். சுவரைக் கொத்திக் குழாயும் வயரும் ஓடற பாதை திறந்திருக்கும்போது பக்கத்துல டேப் நீட்டி ஒரு படம். பூச்சு மூடிட்டா அந்தப் படம் மறுபடி கிடைக்காது, கொத்தற அன்னைக்கே எடுத்துருங்க. இதையெல்லாம் பிரிண்ட் போட்டு பில்லோட அந்த ஃபைல்ல பத்திரத்துக்குப் பின்னாடி சொருகி வைங்க. மதிப்பீட்டாளர் வர்ற அன்னைக்கு ஃபைலை அவர் கையில கொடுத்துட்டு மாடிச் சாவியையும் கொடுங்க.